லேன் போர்ட்டும் காணிப்பாக்கத்துச் சத்தியமும்

போன வாரம் ஒரு மனிதரை, அவருடைய கடை வாசலிலேயே நின்று, பொய்யன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மெதுவாகச் சொல்லவில்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

எனக்கு முன்கோபம் உண்டு என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாததில்லை. பஸ் கண்டக்டரிடம் கத்தியதை எழுதியிருக்கிறேன். கேஸ் சிலிண்டர்காரரிடம் கத்தியதை எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுச் சிரித்தீர்கள். இதற்குச் சிரிப்பீர்கள் என்று தோன்றவில்லை...

விஷயம் இதுதான். என் மனைவி வசந்தா ரிட்டயர்டு தமிழ் டீச்சர். எங்கள் பக்கத்திலிருந்து வெளிநாடு போன குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றாள். நல்ல காரியம். ஆனால் போன் திரையில் 'ழ' எழுதிக் காட்டினால் எந்தப் பிள்ளைக்குப் புரியும்? ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். புதுசு நமக்குக் கட்டுப்படியாகாது. செகண்ட்ஹேண்டு தேடி, சித்தூரில் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. செல்போன் ரிப்பேர், ஜெராக்ஸ், அவசர போட்டோ என்று தோளோடு தோள் இடிக்கிற கடைகள். அதில் ஒன்று முனிரத்தினத்தின் கடை. ஆபீஸ்களில் கழித்துப் போடுகிற கம்ப்யூட்டர்களை வாங்கி, பிரித்து, தூசு தட்டி, சரிபார்த்து விற்கிறார். ஐம்பது வயதிருக்கும். மொட்டை அடித்த தலையில் அப்போதுதான் முடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பில் கிடையாது, வாரண்டி அட்டை கிடையாது. "ஏதாவது ஒண்ணுன்னா எடுத்தாங்க சார், பாத்துத் தரேன்." அவர் வாய் வார்த்தைதான் வாரண்டி. அதை நம்பித்தான் அந்தக் கடை ஓடுகிறது.

நான் போன நேரம் சந்தில் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டரில் போட்டுக் காட்டினார். ஸ்கிரீன் பளிச்சென்று வந்தது. கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர் எல்லாம் சரி. நெட்டை மட்டும் காட்ட முடியவில்லை. மாடியில் இருக்கிற ரூட்டருக்கு இன்வெர்ட்டர் லைன் போகவில்லையாம்.

"நெட் ஓடும் சார். நேத்து சாயந்திரம் கூட செக் பண்ணேன்" என்றார்.

சரி என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, நல்ல நேரம் பார்த்து சுவிட்ச் போட்டோம்.

கம்ப்யூட்டர் வந்தது. நெட் வரவில்லை.

'நெட்வொர்க் கேபிள் இணைக்கப்படவில்லை' என்றது திரை. இணைக்காமல்? என் கண்ணெதிரில் இணைந்து கிடக்கிறதே! பிடுங்கிச் சொருகினேன். பத்துத் தடவை பிடுங்கிச் சொருகினேன். ரூட்டரை அணைத்துப் போட்டேன். போனில் வீடியோ பார்த்து, டிவைஸ் மேனேஜர் என்கிற இடத்துக்குப் போனேன். நெட்வொர்க் அடாப்டரின் பெயர் அங்கே இருந்தது. 'நன்றாக வேலை செய்கிறது' என்று தனக்குத் தானே சர்டிபிகேட்டும் கொடுத்துக்கொண்டிருந்தது. டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். வேறு கேபிள் வாங்கிப் போட்டேன். ம்ஹூம்... கேபிள் சொருகுகிற லேன் போர்ட்டுக்குப் பக்கத்தில் மினுங்க வேண்டிய பச்சை லைட் செத்துக் கிடந்தது.

கடைசியில் அதே கேபிளை மாடி வீட்டுக்காரரின் லேப்டாப்பில் சொருகிப் பார்த்தேன். நெட் பறந்தது.

அப்படியானால் கோளாறு எங்கே? பெட்டியில். பெட்டி யார் கொடுத்தது? முனிரத்தினம். நெட்டை மட்டும் ஏன் காட்டவில்லை? இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

"பெட்டிய எடுத்துக்கினு போய் காட்டுங்க. மனுஷன் பாத்துத் தரேன்னுதானே சொன்னாரு" என்றாள் வசந்தா.

"அத்தாம் பெருசத் தூக்கிக்கினு நான் எதுக்கு பஸ் ஏறணும்? குடுத்தவனுக்குத் தெரியாதா?" என்று வெறுங்கையோடு கிளம்பினேன்.

முனிரத்தினம் ஒரு மதர்போர்டை பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"நெட் வரல" என்றேன்.

"பெட்டி எடுத்தாந்தீங்களா சார்?"

"எதுக்கு எடுத்தாரணும்? கரண்ட் இல்லன்னு சாக்கு சொல்லி, செத்த போர்ட்ட என் தலையில கட்டிட்டீங்க."

"இல்ல சார், செக் பண்ணித்தான் குடுத்தேன். எடுத்துக்கினு வாங்க, உங்க எதிர்லயே பாக்குறேன்."

"செக் பண்ணேன்னு காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்ணுவியா?"

'நீங்க' போய் 'நீ' வந்ததைக் கவனித்தீர்களா? நான் கவனிக்கவில்லை.

வெளியூர் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். காணிப்பாக்கம் பிள்ளையார்தான் எங்கள் ஜில்லாவுக்குக் கடைசி கோர்ட்டு. அண்ணன் தம்பி சண்டையோ, காணாமல் போன நகையோ, அங்கே குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு அவர் எதிரில் நின்று ஒருவன் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. அங்கே பொய்ச் சத்தியம் செய்துவிட்டு ஒருவனும் நன்றாக இருந்ததில்லை என்று சித்தூரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதனால் அந்த வார்த்தையை யாரும் லேசில் வாயில் எடுக்க மாட்டோம். நான் எடுத்தேன். ஒரு லேன் போர்ட்டுக்காக!

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "பண்றேன் சார். ஆனா இப்ப என்னால கோயிலுக்கு வர முடியாது. ஒரு வருஷம் போவட்டும்..."

மேலே பேச விட்டேனா நான்?

"ஒரு வருஷமா! மலையேறிப் போய் மொட்ட போட்டுக்கினு வர முடியுது, காணிப்பாக்கம் வர முடியாதா? பயம்யா! பொய்யனுக்கு அங்க வர பயமாத்தான் இருக்கும்!"

அவர் கை மெல்லத் தலைக்குப் போனது. அந்தக் குட்டை முடியைத் தடவிக்கொண்டே நின்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எல்லோரும் என் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டு, ஜெயித்த கையோடு பஸ் ஏறினேன்.

மறுநாள் மத்தியானம். பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம் என்று ஒயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வசந்தா டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க அது, உள்ள மஞ்சளா இருக்குது?"

குனிந்து பார்த்தேன். லேன் போர்ட்டுக்குள் பொன்னிறமான குட்டிக் கம்பிகள் வரிசையாக இருக்கும். அதில் பாதிக்குமேல் தெரியவே இல்லை. காய்ந்து கட்டியாகி அப்பிக்கொண்டிருந்தது... சந்தனம். கொஞ்சம் குங்குமமும்.

யார் வைத்தது? நான்தான்.

எனக்குச் சொந்த ஊர் நகரி. விசைத்தறிக் குடும்பம். எங்கள் வீட்டில் மெஷினுக்குப் பொட்டு வைப்பது அதன் முகத்தில் இல்லை, ஒயர் உள்ளே போகிற இடத்தில். என் நைனா, அதாவது அப்பா, தறி மோட்டாருக்கு அப்படித்தான் வைப்பார். உயிர் அந்த வழியாகத்தானே உள்ளே போகிறது என்பார். நான் பெட்டியைத் திருப்பி வைத்து, ஒயர் சொருகுகிற ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில், பன்னீரில் குழைத்த சந்தனத்தைப் பக்தியோடு வைத்தேன். மற்றதெல்லாம் தட்டை, சின்ன ஓட்டை. லேன் போர்ட் மட்டும் விரல் நுனி போகிற அகலம், விரல் உள்ளேயே போய்விட்டது. செகண்ட்ஹேண்டு சாமான், யார் கை பட்டதோ என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். அதன்மேல் கேபிளைச் சொருகி நன்றாக உள்ளே அழுத்தியவனும் நானே.

கரண்டை எடுத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் கொண்டு சுரண்டினோம். காய விட்டோம். சொருகினோம். பச்சை லைட் எரிந்தது. நெட் வந்துவிட்டது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு முனிரத்தினத்தைச் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. வசந்தா என்னைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நேர்ல போய் சொல்லிட்டு வாங்க. போன்ல சொல்லாதீங்க" என்றாள்.

அடுத்த நாள் காலையில் திருப்பதி. முனிரத்தினத்தின் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடை பாக்யம்மா என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார்.

"ஏமி சார், மறுபடியும் வந்துட்டீங்களா? அன்னிக்குக் கத்துனது போதலயா?"

"தப்பு என்மேலதாம்மா. மன்னிப்பு கேக்க வந்தேன். எங்க அவரு?"

"காணிப்பாக்கம் போயிருக்காரு. மொத பஸ்ஸுக்கே போயிட்டாரு."

எனக்குப் புரியவில்லை. "ஒரு வருஷம் வர முடியாதுன்னாரே?"

பாக்யம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவங்க நைனா போயி முழுசா ஒரு மாசம் ஆவல சார். பெரிய புள்ள இவரு. கொள்ளி வெச்சவரு. அந்த மொட்ட மலையில எடுத்தது இல்ல சார், சுடுகாட்டுல எடுத்தது. வருஷம் திரும்புற வரைக்கும் கோயில் படி மிதிக்கக் கூடாதுன்னு, இந்தத் தெருக்கோடி புள்ளாரக் கூட ரோட்டுலயே நின்னு கும்புட்டுக்கினு போவாரு."

திருப்பதியில் மொட்டைத் தலையைப் பார்த்தால் யாருக்காவது சாவு ஞாபகத்துக்கு வருமா? கோவிந்தா ஞாபகம்தான் வரும். அது சமாதானம் ஆகுமா? ஆகாது. அந்த மனிதர் சொல்ல வாயெடுத்தார், நான் விடவில்லை.

"நீங்க கத்தும்போது வாசல்ல நின்னாங்களே, அவங்க ஒரு ஸ்கூல்லேர்ந்து வந்தவங்க. கம்ப்யூட்டர் லேபுக்குப் பேசிக்கினு இருந்தாங்க. அப்புறம் பாக்கலாம்னு போயிட்டாங்க. எல்லாருக்கும் தெரியற மாதிரி சத்தியம் பண்ணாத்தான் இனிமே எம்பேச்ச நம்புவாங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. நாங்க சொல்லிப் பாத்தோம். கேக்கல" என்றார் பாக்யம்மா.

அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. காணிப்பாக்கம் எங்கள் சித்தூர் பக்கம்தான்; ஓடிப்போய், நான் வந்த பஸ்ஸிலேயே திரும்ப ஏறினேன். சந்திரகிரி தாண்டியும் அந்த பஸ் நகர்கிற மாதிரியே தெரியவில்லை. மறுபடி மறுபடி போன். பிள்ளையாரப்பா, அவர் படி ஏறுவதற்குள் என்னைக் கொண்டுபோய் விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டே போனேன். வாழ்நாளில் நான் அவ்வளவு உண்மையாக எதையும் வேண்டிக்கொண்டதில்லை.

கோயிலுக்கு வெளியே, மதில் நிழலில் உட்கார்ந்திருந்தார். வேட்டி சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது.

"முடிச்சிட்டேன் சார்" என்றார்.

நான் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், என் விரல், டூத் பிரஷ். சொல்லச் சொல்ல எனக்கே அருவருப்பாக இருந்தது. அவர் நான் முடிக்கும் வரைக்கும் கேட்டார்.

"இப்ப நெட் வருதா சார்?"

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"வருது."

"செக் பண்ணித்தான் சார் குடுத்தேன்" என்றார். "உள்ள கால் வெக்கும்போது நைனா எதிர்ல வந்து நின்ன மாதிரி இருந்திச்சி. அவருக்கு ஒரு வருஷம் ஒழுங்கா இருந்து காட்டணும்னு நெனச்சேன். அதுதான் மனசு ஆறல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரைப் பார்த்துக் கை கூப்பினேன். அவர் என் கையைப் பிடித்து இறக்கினார்.

"இங்க கும்புட்டு இன்னா சார் பிரயோசனம்? நீங்க என்னைச் சொன்னது கட வாசல்ல. அங்க வந்து சொல்லுங்க."

அவர் துணி காய்ந்ததும் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் திருப்பதிக்குப் போனோம். அன்று நான் நின்ற அதே இடத்தில் நின்று, "முனிரத்தினம் மேல ஒரு தப்பும் இல்ல, தப்பு என்னுது" என்று சொன்னேன். பாக்யம்மா கேட்டார். செல்போன் கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவ்வளவுதான்.

திட்டும்போது தெருக்கோடி வரைக்கும் போன என் குரல், இதைச் சொல்லும்போது மூன்றாவது கடையைத் தாண்டவில்லை. அந்த ஸ்கூல்காரர்களும் அங்கே இல்லை. எந்த ஸ்கூல் என்று யாருக்கும் தெரியவில்லை.

அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் இந்த வாரம் இதை எழுதுகிறேன் — முனிரத்தினம் செக் பண்ணித்தான் கொடுத்தார்.