பேசாமல் இருந்த வாரங்கள்

புதுக்கோட்டையில் தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். குரல் நாண்களின் ஓரத்தில் நொய்யரிசி மாதிரி இரண்டு தடிப்புகள் தெரிந்தன. இத்தனை வருஷம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியதன் பலன்.

"ஆப்பரேஷன் வேண்டாம் டீச்சர். ஆனா மூணு வாரம் பேசவே கூடாது. கிசுகிசுன்னுகூட. அது இன்னும் கெடுதல்."

"சரிங்க டாக்டர்" என்றேன்.

"இதையும் சொல்லக் கூடாது" என்று சிரித்தார்.

திருமயத்தில் எங்கள் வீட்டில் அப்போது நானும் கணவரும்தான் இருந்தோம். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவர் தாலுகா அலுவலகத்துக்குக் கிளம்பிப் போனபின் வீடு அமைதியாகிவிடும். முதல் நாள் அது சுகமாகத்தான் இருந்தது. அடுத்த நாளே தெரிந்துவிட்டது, வாயை மூடினால் உள்ளே ஓயாது என்று. வாத்தியார் இல்லாத வகுப்பு மாதிரி ஒரே இரைச்சல். துணி காயப்போட்டாச்சா, பகலில் எதற்குப் படுக்கை, பாடம் முடியாமல் லீவு எடுத்தால் பிள்ளைகள் என்ன ஆவார்கள். நின்று கவனித்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. அதில் ஒரு குரல் என் அம்மாவுடையது. இன்னொன்று என் நாத்தனாருடையது. இன்னொன்று பள்ளிக்கு ஆய்வுக்கு வரும் அதிகாரியின் தோரணையில் பேசியது. என் குரல் எது என்று தேடினால் அகப்படவில்லை.

நாத்தனார் ஒரு நாள் தூக்குவாளியில் நண்டு ரசம் கொண்டுவந்தார். கணவருக்கு அக்கா. எனக்குத் தொண்டை சரியில்லை என்றதும் புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

"இவளுக்கு நண்டு ரசம்னா உசுரு. சுடச்சுடக் குடிச்சா தொண்டைக்கு எதமா இருக்கும்" என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே ஊற்றிக் கொடுத்தார்.

எனக்கு நண்டு ரசம் பிடிக்காது. அந்த வாடையே ஒத்துக்கொள்ளாது. கல்யாணமான புதிதில் அவர் கையால் முதன்முதலில் குடித்தபோது மரியாதைக்கு, "ரொம்ப நல்லாருக்கு அண்ணி" என்றிருந்தேன். அந்த ஒரு சொல்லை நம்பி இத்தனை காலம் எனக்காக நண்டு இடித்திருக்கிறார். அவர் மேல் என்ன குற்றம்? குடித்து முடித்தேன். ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு மடக்கிலும், இது எனக்கு வேண்டாம் என்று உள்ளே ஒன்று சொல்வது தெளிவாகக் கேட்டது.

அதற்கு மறுவாரம் என் போனுக்கு அழைப்பு வந்தது. நான் பேச முடியாததால் கணவர் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். கல்வி அலுவலகத்திலிருந்து பேசினார்கள். தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் மறுபடி என் பெயர் வந்திருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

"டீச்சர் இந்தத் தடவையும் எழுதிக் குடுத்துருவாங்களா சார்?"

"குடுத்துருவாங்க சார். அவங்களுக்கு அதுல விருப்பமில்ல."

போனை வைத்துவிட்டு அவர் சட்டையை அயர்ன் பண்ணப் போய்விட்டார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் காது மடல் சுட்டது. நான் பேச முடியாமல் இருக்கும்போது எனக்குப் பதிலாகத் தீர்ப்புச் சொல்ல இவர் யார்? அவர் ஆபீசுக்குப் போனபிறகும் கோபம் அடங்கவில்லை. பேச முடிந்திருந்தால் அன்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்திருப்பேன். கொட்டியிருந்தால் விஷயம் அதோடு முடிந்தும் போயிருக்கும்.

பேச முடியாததால் அந்தக் கோபத்தோடு நாள் முழுக்க உட்கார வேண்டியிருந்தது. முதல் தடவை மகள் கைக்குழந்தை, அதனால் வேண்டாம் என்றேன். அது நியாயம்தான். இரண்டாம் தடவை? அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். "போறதுன்னா போ, நான் பாத்துக்கிறேன்" என்று இவரேதான் சொன்னார். நான்தான், "வீட்டை யாரு பாக்குறது?" என்று மறுத்தேன். அப்படியானால் என்னைத் தடுத்தது யார்?

பதில் உடனே வரவில்லை. மாடியில் வற்றலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்த ஒரு காட்சி ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் தலைமையாசிரியையை ஓர் அதிகாரி பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கவைத்துத் திட்டினார். அந்த அம்மா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். அன்றே எனக்குள், அந்த நாற்காலி நமக்கு வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது. அந்தப் பயத்தைத்தான் குடும்பப் பொறுப்பு என்று பெயர் சொல்லி இத்தனை காலம் வைத்திருந்தேன். அதை நான் பொய்யென்று தெரிந்து சொல்லவில்லை. முழுசாக நம்பியிருந்தேன். வெயிலில் நின்றபடி கொஞ்சம் அழுதேன். வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

கணவருக்குப் போனில் டைப் அடித்துக் காட்டியிருக்கலாம். மனசு வரவில்லை. இதை வாயால் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து டாக்டர், "இப்ப மெதுவா ஆ சொல்லுங்க" என்றார். சொன்னேன். தணிந்த, கொஞ்சம் கரகரப்பான குரல் வந்தது. "தடிப்பு நல்லாக் கொறைஞ்சிருக்கு. பேசலாம், ஆனா கத்தாதீங்க" என்று அனுப்பிவைத்தார்.

திரும்பும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். ஹைவே இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?" என்றார். தோளைத் தட்டினேன். ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி நிறுத்தினார்.

"இந்தத் தடவை வேணாம்னு எழுதிக் குடுக்கலங்க. ஹெச்.எம்.மாப் போறேன்."

"நீதான வேணாம்ப? அதான் நானும் அப்படிச் சொன்னேன்."

"ஆமா, நான்தான் சொன்னேன். பயத்துல சொல்லிருக்கேன்."

"பயமா? வீட்டுக்காகன்னுல்ல சொன்ன?"

"அப்படித்தான் நானும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இப்பப் பயம் போயிருச்சா?"

"இல்ல, இருக்கு. இருந்தாலும் போய்த்தான் பாக்கணும்."

"அன்னைக்குப் போன்ல ஒன்னைய ஒரு வார்த்த கேட்டுருக்கணும்" என்றார். பிறகு வண்டியை எடுத்தார்.

எனக்குக் கந்தர்வக்கோட்டைக்கு அங்கிட்டு, முந்திரிக் காட்டை ஒட்டிய ஒரு சின்னப் பள்ளிக்கூடம் கிடைத்தது. புதுக்கோட்டையில் இறங்கி அடுத்த பஸ் பிடிக்க வேண்டும். சுலபமாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். சில நாள் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிடுகிறேன். முதல் ஆய்வின்போது வந்த அதிகாரி கழிப்பறைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று குரலை உயர்த்தினார். மோட்டார் பழுது என்றும், எத்தனை முறை கேட்டும் ஆள் வரவில்லை என்றும் சொன்னேன். என்னால் கத்த முடியாது. தணிந்துதான் சொன்னேன். அவரும் தணிந்தார். மோட்டார் சரியாக இன்னும் ஒரு மாதம் ஆயிற்று என்பது வேறு கதை.

எல்லாம் மாறிவிடவில்லை. யார் எதைக் கேட்டாலும் 'சரி' என்ற சொல் இன்றும் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. போன வாரம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர், வட்டார விழாவை எங்கள் பள்ளியிலேயே நடத்தித் தர முடியுமா என்று கேட்டார். "நாளைக்குச் சொல்றேன் சார்" என்றேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு அதில் ஆசைதான் என்று தெரிந்தது. காலையில் போன் செய்து ஒத்துக்கொண்டேன்.