ஏழாவது வரி

துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு சிறிய கேபிள் தொலைக்காட்சிக் கொம்பனியில் நான் கம்பம் ஏறுபவனாகச் சேர்ந்தேன். இன்று அதே இடத்தில் மாவட்ட மனேஜர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் எப்படி அந்தக் கதிரைக்கு வந்தான் என்று கேட்டவர்களுக்கு நான் இதுவரை சரியான பதில் சொன்னதில்லை.

எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. கம்பத்தில் ஏறிவிட்டால் யாரும் கதைக்க வரமாட்டார்கள் என்பதால்தான் அந்த வேலை பிடித்தது. கீழே நின்று கதைக்க என் கூட்டாளி இருந்தான். எந்தக் கம்பி எந்த வீட்டுக்குப் போகிறது என்பதற்கு எங்களிடம் வரைபடம் கிடையாது. நான் மேலே ஒவ்வொன்றாகக் கழற்றுவேன். எந்த வீட்டிலிருந்து ஏச்சு கேட்கிறதோ அதை அவன் கொப்பியில் குறிப்பான். நாடகம் ஓடும் நேரம் பார்த்துத்தான் போவோம். அப்போதுதான் ஏச்சு உடனே வரும். அன்புவழிபுரம் பகுதி முழுவதையும் அப்படித்தான் எழுதி முடித்தோம்.

அறிக்கைகள் ஆங்கிலத்தில் போக வேண்டும். எனக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்தும் தெரியாது. அவன் எழுதி, விரலால் இடம் காட்டுவான். நான் கையெழுத்து வைப்பேன். இது எங்கள் இருவரையும் தவிர யாருக்கும் தெரியாது.

முதலாளி என்னை மேலே கொண்டுவந்ததற்கு என் கூச்சம்தான் காரணம். ஒருமுறை மூதூரிலிருந்து ஒரு மனுஷி கொம்பனிக்கு வந்து, படுக்கையில் கிடக்கும் புருஷனுக்கு அந்தப் பெட்டிதான் துணை, காசு கட்டவில்லை என்று இணைப்பை வெட்டவேண்டாம் என அழுதார். மேசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர் எழுந்து போய்விட்டார். இரக்கப்பட்டுக் கதைக்கிறவனால் கொம்பனி நடத்த ஏலாது, நீதான் சரியான ஆள் என்றார் அதைப் பார்த்த முதலாளி. கொஞ்ச நாளில் எனக்கு மேசை கிடைத்தது. கூட்டாளி கம்பத்தடியிலேயே நின்றான். பின்னேரங்களில் வந்து என் அறிக்கைகளை எழுதித் தருவான்.

ஒளியிழை இணைப்பு வந்தபோது கொழும்புக்காரர் கொம்பனியை வாங்கினார்கள். பழைய வேலையாட்களில் ஏழு பேரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும், பெயர்களை மனேஜர் அனுப்ப வேண்டும் என்று கடிதம் வந்தது. அதை எனக்கு வாசித்துச் சொன்னதும் அவன்தான். எல்லோரிலும் நல்ல வேலைக்காரன் அவன் என்று எனக்குத் தெரியும். ஆனால் புதியவர்களிடம் அவன் ஒரு சொல் விட்டால் என் கதிரை போய்விடும். அந்த வாரம் முழுவதும் நான் அதை மட்டும்தான் யோசித்தேன்.

ஒரு மத்தியானம் அவனைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, பெயர்களைச் சொன்னேன். அவன் ஆங்கிலத்தில் எழுதினான். ஒருவனுடைய மகளுக்கு அடுத்த மாதம் கலியாணம் என்று மெல்லச் சொன்னான். நான் அடுத்த பெயரைச் சொன்னேன். ஆறு பெயர் முடிந்தது.

“ஏழாவது ஆர், மச்சான்?”

நான் மேசையைப் பார்த்தேன். அவன் பேனையைத் தூக்கிப் பிடித்தான். பிறகு சிரித்தான்.

“வாயால ஒருக்காச் சொல்லு, எழுதிறன்.”

நான் சொல்லவில்லை. அவன் குனிந்து ஏழாவது வரியை எழுதினான். தாளை என் பக்கம் திருப்பினான். இந்த முறை விரலால் இடம் காட்டவில்லை.

“எல்லாப் பேரும் சரியோ எண்டு வாசிச்சுப் பாருங்கோ, சேர்.”

தாளை இரண்டு கைகளாலும் பிடித்து, கண்ணை வரி வரியாக நகர்த்தினேன். வாசிக்கிறவர்கள் எவ்வளவு நேரம் எடுப்பார்கள் என்று நான் முன்பே பார்த்து வைத்திருந்தேன். “ஓம், சரி” என்று சொல்லி அடியில் கையெழுத்து வைத்தேன்.

மாதக் கடைசியில் அவன் கருவிகள் செருகும் தன் இடுப்புப் பட்டியையும் கம்பி வெட்டும் குறட்டையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனபோதுதான் ஏழாவது ஆள் யார் என்பது எனக்கு உறுதியானது. கொழும்பிலிருந்து இன்றுவரை யாரும் என் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. எழுதும் வேலைக்கு வேறு ஆளை அவர்களே அனுப்பிவிட்டார்கள்.

அவன் நினைத்திருந்தால் அந்த வரியில் என் பெயரையே எழுதியிருக்கலாம். அப்போதும் நான் ஓம் என்று சொல்லிக் கையெழுத்து வைத்திருப்பேன்.