ஒரே புள்ளியில் ஆறு பேர்

உத்தமன் கூட்டத்தில் பேசமாட்டான். ஆனால் யார் யாரைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுகிறார்கள் என்பது அவன் கண்ணில்தான் முதலில் படும். ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். வாணியம்பாடியில் எம்.சி.ஏ. முடித்து, தொண்ணூற்றாறில் பெங்களூருக்கு வந்து, ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தான். நாலு வருடம் யாரோ எழுதிய புரோகிராமில் பிழை தேடிப் பூச்சி பிடித்தான். பிறகு அந்தக் கம்பெனி ஆராய்ச்சிப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கியபோது, இவனுடைய கண்ணைக் கவனித்துவைத்திருந்த கஸ்தூரிரங்கன் இவனைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கஸ்தூரிரங்கன் மல்லேஸ்வரத்துக்காரர். அவர் தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். இவர் அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பியவர். அவருடைய ஆராய்ச்சி இதுதான்: லட்சக்கணக்கான வரிகள் கொண்ட தகவல் குவியலை யாராலும் படிக்க முடியாது, ஆனால் படமாக்கினால் பார்க்க முடியும். வெறும் படம் போதாது. பார்ப்பவன் படத்தைத் தொட்டுக் கேள்வி கேட்க வேண்டும். ஓர் இடத்தை மௌசால் வளைத்துப் பிடித்தால் மற்றப் படங்களிலும் அதே ஆட்கள் நிறம் மாறித் தெரிய வேண்டும்.

"கணக்குப் போட மிஷின் இருக்கு, உத்தமன். சந்தேகப்பட மனுஷன்தான் வேணும்," என்பார். அவருடைய சொற்களிலேயே உத்தமனுக்குப் பிடித்தது இதுதான்.

சோதித்துப் பார்க்கத் தகவல் வேண்டும். எந்த வாடிக்கையாளரும் தரவில்லை. ஆகவே கம்பெனியின் சொந்தத் தகவலையே எடுத்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் ஊழியர்கள். ஒவ்வொருவருக்கும் எத்தனை மணி நேரம் உழைப்பு, மேலாளர் போட்ட மார்க்கு, லீவு, பிழைகள். பெயர்களை இரகசியச் சொல்லால் பூட்டிவிட்டு, எண் மட்டும் வைத்தார்கள். அந்த எண்களில் ஒன்று உஷாவுடையது. உத்தமனின் மனைவி, வாணியம்பாடியில் கூடப் படித்தவள், அதே கம்பெனியில், அடுத்த கட்டடத்தில், டெஸ்டிங்கில் இருந்தாள். வீட்டில் அவனை 'நீ' என்பாள். ஆபீஸ் பஸ்ஸில் 'நீங்க' என்று மாறிவிடுவாள்; அதற்கு அவன் சிரித்தால் முழங்கையால் இடிப்பாள்.

படத்தில் ஒரு சிக்கல் இருந்தது. மார்க்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை. உழைத்த நேரமும் முழு எண்ணாகத் திருத்தப்பட்டிருந்தது. அதனால் பல பேர் ஒரே இடத்தில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஒற்றைப் புள்ளியாகத் தெரிந்தார்கள். உத்தமன்தான் வழி கண்டான். ஒவ்வொரு புள்ளியையும் அதன் இடத்திலிருந்து மயிரிழை அளவு எந்தத் திசையிலாவது தள்ளிவிடுவது. எங்கே தள்ளுவது என்பதைக் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யும். அவர்கள் தொழிலில் இதற்கு ஜிட்டர் என்று பெயர். உத்தமன் அதை உதறல் என்பான். உதறியதும் ஒற்றைப் புள்ளி ஒரு சிறு கூட்டமாகப் பிரிந்தது. கஸ்தூரிரங்கன் நாற்காலியை விட்டு எழுந்து திரைக்கு அருகில் போய்ப் பார்த்தார்.

"அழகா இருக்கு," என்றார். அதன்பிறகு அதை யாரும் அணைக்கவேயில்லை.

இரண்டாயிரத்தொன்றில் அமெரிக்காவில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. வேலை வருவது நின்றது. உணவுக்கூடத்தில் பழரசம் நின்றது, பிறகு பிஸ்கட் நின்றது. ஜூலை மாதம் மேலிடத்திலிருந்து ஓர் எண் வந்தது: நாற்பது பேர். அந்த நாற்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டிய மனிதவளத் துறைத் தலைவி வித்யாலட்சுமி ஆராய்ச்சிப் பிரிவுக்கு வந்தாள்.

"மேனேஜர்ஸ கேட்டா அவங்கவங்க ஆள காப்பாத்துவாங்க. உங்க படம் நியாயமா இருக்கும்னு கேள்விப்பட்டேன்," என்றாள்.

கஸ்தூரிரங்கன் தயங்கினார். ஆனால் அடுத்த நாற்பதில் தன் பிரிவே போய்விடுமோ என்ற பயம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பேர் வேண்டாம். நம்பர் மட்டும்தான். பேர் தெரிஞ்சா கை நடுங்கும்."

மௌஸ் உத்தமன் கையில் இருந்தது. அறையை இருட்டாக்கிச் சுவரில் படத்தைப் போட்டார்கள். கீழே இடது மூலையில் இருந்தவர்கள் குறைந்த நேரம், குறைந்த மார்க்கு. அவன் அந்த மூலையைச் சுற்றி ஒரு வளையம் வரைந்தான். மேலே எண்ணிக்கை தெரிந்தது: முப்பத்தொன்று.

"இன்னும் கொஞ்சம் பெருசா," என்றாள் வித்யாலட்சுமி.

முப்பத்தாறு. முப்பத்தெட்டு. வளையத்தின் விளிம்பு ஒரு சிறு புள்ளிக் கூட்டத்தைத் தொட்டது. அவன் மௌஸை இழை இழையாக நகர்த்தினான். முப்பத்தொன்பது. நாற்பது.

"போதும். அப்படியே மூடிடுங்க."

அவன் மூடினான். வேலை சுத்தமாக முடிந்தது என்று அப்போது அவனுக்குத் தோன்றியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை உஷாவை ஓர் அறைக்கு அழைத்தார்கள். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கழுத்து அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஒரு செக்யூரிட்டி கேட் வரைக்கும் கூடவே நடந்து வந்தான். ஆபீஸ் பஸ் சாயங்காலம்தான் என்பதால், கையில் டிபன் பாக்ஸோடு மெயின் ரோட்டுக்கு வந்து, புழுதியில் நின்று, இரண்டு பஸ் மாறி விவேக் நகர் வீட்டுக்குப் போனாள். இதெல்லாம் உத்தமனுக்கு மாலையில்தான் தெரியும்.

அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் மதியத்துச் சோற்றை டிபன் பாக்ஸிலிருந்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் படத்துலதான் எடுத்தாங்களாமே. நான் எங்க இருந்தேன்?"

"நம்பர் மட்டும்தான் உஷா. எனக்குத் தெரியாது."

"வளைச்சது யாரு?"

அவன் பையை இறக்கி மூலையில் வைத்தான்.

"சரி விடு. அம்மாக்குப் போன் பண்ணி இன்னா சொல்றதுன்னு யோசி. மூணு மாசத்துல ரெண்டு சாவு சொல்லணும்."

ஏப்ரலில் அவளுக்குக் கரு கலைந்திருந்தது. ஆபீஸில் மஞ்சள் காமாலை என்று சொல்லி மூன்று வாரம் லீவு போட்டிருந்தாள். அந்த மூன்று வாரம்தான் அவளுடைய புள்ளியை இடது பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. குழந்தை போன பிறகு அவளை எழுப்பி உட்காரவைத்தது அந்த வேலைதான். முதல் நாள் திரும்பப் போகும்போது, தலைக்குக் குளித்துவிட்டு, "அங்க யாருக்கும் தெரியாதுல்ல, அதுவே போதும்," என்றாள்.

இரண்டு நாள் கழித்து உத்தமன் அந்தப் படத்தைத் திறந்தான். சேமித்து வைத்த வளையம் அப்படியே இருந்தது. எண்ணிக்கை மட்டும் நாற்பத்தொன்று என்றது. தவறு என்று நினைத்து மூடித் திறந்தான். முப்பத்தொன்பது. இன்னொரு தடவை. நாற்பது, ஆனால் வேறு நாற்பது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் புள்ளிகள் புதிதாக உதறப்பட்டு வேறு வேறு இடத்தில் விழுந்தன. வளையமோ திரையில் தெரியும் இடத்தைத்தான் பிடித்தது. உண்மையான மார்க்கை அல்ல.

உதறலை அணைத்தான். விளிம்பில் இருந்த சிறு கூட்டம் மெல்ல நெருங்கி ஒரே புள்ளியானது. புள்ளி சரியாகக் கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. அதைத் தொட்டு, இரகசியச் சொல்லைக் கொடுத்து, பெயர்களைத் திறந்தான். ஆறு பேர். ஒரே நேரம், ஒரே மார்க்கு. ஆறு பேரில் உஷாவையும் இன்னொரு பையனையும் கம்ப்யூட்டர் அன்றைக்கு இந்தப் பக்கம் தள்ளியிருந்தது. மற்ற நாலு பேரை அந்தப் பக்கம். நாலில் ஒரு பெயர் ஓஸ்வால்ட். அவர்கள் தெருக்காரர், பஸ்ஸில் தினமும் உஷாவுக்கு இடம் பிடித்து வைப்பவர். இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

கஸ்தூரிரங்கனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. திரையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"நாமளே சீட்டுக் குலுக்கிப் போட்டுட்டோம், இல்லையா? அதுவும் குலுக்கறோம்னே தெரியாம."

"ரெண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டுட்டா போதும் சார்."

"வாங்க, போய்க் கேக்கலாம்."

வித்யாலட்சுமி முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். அவளுக்குப் புரியவும் செய்தது. அதுதான் ஆபத்தாகப் போயிற்று.

"உங்க மிஸஸ் பேர் லிஸ்ட்ல இருக்குன்னு எனக்குத் தெரியும் மிஸ்டர் உத்தமன். அதுக்காகத்தான் வந்திருக்கீங்களோ?"

"அதுக்காகவும்தான் மேடம்."

"நேர்மையா சொன்னீங்க, தேங்க்ஸ். இப்ப நீங்க சொல்றதப் பாத்தா, ஆறு பேரும் ஒண்ணு. அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

"ரெண்டு பேர் போயாச்சு. குடுத்த லெட்டர வாபஸ் வாங்கினா மீதி முப்பத்தெட்டு பேரும் நாளைக்கே கோர்ட்டுக்குப் போவாங்க. என்னால கழிக்க முடியாது, கூட்டத்தான் முடியும். திங்கட்கிழமை ரெண்டாவது லிஸ்ட் போகுது. ஆறும் ஒண்ணுன்னா மீதி நாலும் அதுலதானே வரணும்? அதான் நியாயம்." அவள் பேனாவை மூடினாள். "சாயங்காலத்துக்குள்ள அந்த நாலு நம்பர அனுப்பிடுங்க."

வராந்தாவில் கஸ்தூரிரங்கன் காப்பி எந்திரத்துக்கு முன்னால் நின்றார். அதன் பக்கத்தில் நின்ற ஆளிடம் "எரடு காஃபி கொடப்பா," என்று கன்னடத்தில் இரண்டு காப்பி கேட்டார். வாங்கிய காப்பியைக் குடிக்காமல் வைத்திருந்தார். "நான் எதுவும் சொல்லமாட்டேன், உத்தமன். போனது உங்க ஆத்துக்காரி. உங்க இஷ்டம்."

உத்தமன் மதியம் முழுவதும் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். உதறலைப் போட்டான், அணைத்தான். பிரிந்தது, சேர்ந்தது. உஷாவுக்கு நடந்தது அநியாயம் என்று நிரூபிக்க அவனிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அதைக் கையில் எடுத்தால் நாலு வீட்டில் விளக்கு அணையும். அப்போதும் உஷா திரும்பி வரப்போவதில்லை. நாலரை மணிக்கு வித்யாலட்சுமியின் அறைக்குப் போனான்.

"நான் பாத்தது பழைய ஃபைல் மேடம். சரியான ஃபைல்ல பாத்தேன். லிஸ்ட் கரெக்டாத்தான் இருக்கு."

அவள் அவனையே பார்த்தாள். நம்பவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

"அப்ப அந்த நாலு பேர்?"

"கோட்டுக்கு அந்தப் பக்கம் மேடம். நல்லா தள்ளியே இருக்காங்க."

"உங்க மிஸஸ்?"

"இந்தப் பக்கம்."

"ஒரு மெயில் போட்டுடுங்க. ஒரே வரி போதும்."

அவன் ஒரே வரி போட்டான்.

அன்று வியாழக்கிழமை, சிறப்புப் பூசை நாள். குழந்தை ஏசு கோவில் கூட்டத்தில் ஆபீஸ் பஸ் தெருமுனைக்கு வராமல் முன்னாலேயே இறக்கிவிட்டது. மெழுகுவத்தி விற்கிறவர்களுக்கும் பூ விற்கிறவர்களுக்கும் இடையில் ஒதுங்கி நடந்தான். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பாதித் தெரு வரைக்கும் நினைத்திருந்தான். வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லத் தொடங்கிவிட்டான். உதறல், வளையம், ஆறு பேர், வித்யாலட்சுமி, மெயில். உஷா கீரை ஆய்ந்துகொண்டு கேட்டாள். முடித்ததும் சற்று நேரம் காம்புகளையே கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் ஒண்ணும் மோசமில்ல."

"இல்ல."

"அவங்க வச்சிக்கினவங்களுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல."

"இல்ல உஷா."

"ஆனா உன் கையால எழுதிக் குடுத்துட்ட. நான் லாயக்கில்லாதவன்னு. நாளைக்கு வேற கம்பெனில விசாரிச்சா, என் புருஷன் குடுத்த சர்டிபிகேட் இருக்கும்." அவள் குரல் உயரவில்லை. "என்னைக் கேட்டிருக்கலாம்ல? ஒரு போன். நானும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா அது நான் சொன்னதா இருந்திருக்கும்."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எல்லாவற்றையும் கவனித்த கண் இதைக் கவனிக்கவில்லை.

"நாலு பேர் யாரு?"

"வேணாம் உஷா."

"யாருன்னு கேட்டேன்."

சொன்னான். கடைசிப் பெயரைக் கேட்டதும் கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து ஓஸ்வால்ட் அவர்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பேக்கரிப் பொட்டலம். சின்ன மகளையும் கூட்டிவந்திருந்தார். கோவிலுக்குப் போட்ட வெள்ளைக் கவுனோடு அவள் வாசற்படியில் உட்கார்ந்து கேக்கைப் பிய்த்துத் தின்றாள்.

"மனசு கேக்கலம்மா. பஸ்ஸுல உன் சீட்டுல இப்ப வேற எவனோ தடியன் உக்காந்துக்கிறான்," என்றார் ஓஸ்வால்ட். "நானும் பயந்துட்டுத்தான் இருந்தேன். ஆண்டவர் காப்பாத்துனாரு. ஆனா ஒண்ணு சொல்றேன் உஷா, தப்பா எடுத்துக்காத. மேனேஜர் காலப் புடிச்சவன் தப்பிச்சான்னு இந்தத் தடவ யாரும் சொல்ல முடியாது. எல்லாம் கம்ப்யூட்டர். உன் வீட்டுக்காரர் செஞ்சதாமே? அது ஆள் பாத்து எடுக்கல. லீவு பாத்து எடுத்துச்சு." குரலைத் தணித்துக்கொண்டார். "அந்த ஜாண்டிஸுக்கு மூணு வாரம் போட்டுட்டியேம்மா. ஒரு வாரத்துல வந்திருக்கலாம். நான் அப்பவே என் வொய்ஃப் கிட்ட சொன்னேன், இந்தப் பொண்ணு லீவ இப்படி இழுக்குதேன்னு."

உத்தமன் வாயைத் திறந்தான். உஷா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவன் வாயை மூடிக்கொண்டான்.

"ஆமாண்ணா," என்றாள் உஷா. "லீவு ஜாஸ்திதான் போட்டுட்டேன். காப்பி குடிச்சிட்டுப் போங்க."