கொடிமரத்தடியில் அறுபடாத கேபிள்

இதை எழுதவென்று கொப்பியைத் திறந்து, ஒரு வரியும் எழுதாமல் மூடி வைத்தே பல வருடங்கள் போய்விட்டன. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், எனக்கு எழுத வராது என்று சாட்டுச் சொல்லிக்கொண்டேன். எழுதினால் என்னுடைய பங்கையும் எழுத வேண்டும் என்பதுதான் உண்மை.

இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பி, சிலாவத்துறைப் பக்கத்துக் கரையில் எங்கள் கிராமத்தில் தகரக் கொட்டில் போட்டிருந்து, கல்வீட்டுக்கு மாறிய காலம் அது. பள்ளிக்கூடத்துக்கு இணையம் வந்திருந்தது. அங்கிருந்து மாதா கோயில் மண்டபத்துக்கு நிலத்தடியால் கண்ணாடி இழைக் கேபிள் இழுத்தார்கள். பிள்ளைகள் கணினி படிக்கலாம், முகாமில் மிஞ்சியிருக்கிற சொந்தங்களோடு முகம் பார்த்துப் பேசலாம் என்று ஊரே காத்திருந்தது.

வேலை எடுத்த கொந்தராத்துக்காரருக்கு நான்தான் பிளேன்ரீ ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மஞ்சள் கேபிள் பாதி வழியில் முடிந்துபோனது. மிச்சத் தூரத்துக்குத் தன் வான் வண்டியிலிருந்து செம்மஞ்சள் கேபிள் ஒன்றை இறக்கி, ஒரு பெட்டிக்குள் இரண்டையும் பொருத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது வேற நிறமெல்லோ?" என்று கேட்டேன்.

"அக்கா, உங்கட சாறி ஒரு நிறம், பிளவுஸ் ஒரு நிறம். ஒண்டாத்தானே உடுத்திருக்கிறீங்கள்? உள்ளுக்க எல்லாம் கண்ணாடிதான்."

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

அடுத்த கிழமை பெருநாள் கொடியேற்றம். திரும்பி வந்த முதல் வருடத்திலிருந்தே கொடிமரத்துக்கு இரும்பு அலவாங்கால் குழி வெட்டுவது என் கணவர். அது யாரும் கொடுத்த பதவியில்லை. மரம் சரியாமல் நிற்க வெட்டத் தெரிந்தவர், அவ்வளவுதான். அந்தக் குழி கேபிள் போன வழிக்குப் பக்கத்திலேயே அமைந்துவிட்டது.

கொடி ஏறிய மறுநாள் கேபிளைச் சோதித்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பியது மண்டபத்துக்கு வந்தது. மண்டபத்திலிருந்து அனுப்பியது போய்ச் சேரவில்லை. கொந்தராத்துக்காரர் பெட்டியைத் திறக்கவேயில்லை. நேரே கொடிமரத்தடிக்கு வந்து, புது மண்ணைக் காலால் தட்டினார்.

"வாற இழை இருக்கு, போற இழையை அறுத்துப்போட்டினம். அலவாங்கு பிடிக்கிற கைக்கு இதின்ர அருமை எங்க விளங்கும்?"

தோண்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். ஆனால் ஏறிய கொடி இறங்கும்வரை மரத்தடி மண்ணில் நாங்கள் கை வைப்பதில்லை. அந்த ஒன்பது நாளும் என் கணவர்தான் 'கேபிள் வெட்டினவர்'. மீன் வாடியில் சொன்னார்கள், கடையில் சொன்னார்கள். இயேசுவே, என் வீட்டுக்குள் நானும் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, பெருநாள் நேரம். பிழையை ஒத்துக்கொண்டால் மாதா பாரமெடுத்துப் பாத்துக்கொள்ளுவா."

"அலவாங்கு எதிலையும் தட்டுப்பட்ட மாதிரித் தெரியேல்ல எனக்கு" என்றார்.

"தெரியாமலும் பட்டிருக்கும்தானே?"

அவர் அலவாங்கைச் சுவரோடு சாத்திவைத்தார். "நீர் சொல்லுறீர் எண்டால் செய்யிறன்."

ஞாயிறு பூசை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் நின்று, ஊரிடம் மன்னிப்புக் கேட்டார். இரண்டு நிறத்தையும் கண்ணால் கண்ட நான், கையில் செபமாலையோடு பெண்கள் பக்கத்தில் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கொடி இறங்கிய மறுநாள் முருங்கனிலிருந்து ஒரு தொழில்நுட்பக்காரர் வந்தார். மரத்தைப் பிடுங்கித் தோண்டினார்கள். குழியிலிருந்து ஒரு சாண் தள்ளி, கேபிள் கீறல்கூட இல்லாமல் கிடந்தது. தொழில்நுட்பக்காரர் எழும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"ரெண்டும் நல்ல கேபிள்தான். ஆனால் ஒண்டோட ஒண்டு சேராது. மஞ்சளுக்குள்ள வெளிச்சம் போற வழி சரியான மெல்லிசு. செம்மஞ்சளுக்குள்ள அது பல மடங்கு அகலம். மெல்லிசில இருந்து அகலத்துக்குப் போறது போயிடும். அகலத்தில இருந்து மெல்லிசுக்கு வாறது முக்கால்வாசி வெளியில சிந்திப்போகும். வாளியில இருந்து சோடாப் போத்தலுக்க ஊத்திப் பாருங்கோவன்."

கூட நின்று கேட்ட கொந்தராத்துக்காரர் செம்மஞ்சளைக் கழற்றி முழுக்க மஞ்சளே போட்டார். மண்டபத்தில் படம் வந்தது, சனம் கைதட்டியது. நான் அவருடைய வானுக்கு முன்னால் போய் நின்றேன்.

"என்ர மனுசன் கோயிலுக்குள்ள சொன்னவர். நீங்களும் அங்க வந்து சொல்லுங்கோ."

"அக்கா, அவர் தானாத்தானே ஒத்துக்கொண்டவர். நானோ சொல்லச் சொன்னனான்?"

வானை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெருநாள் நல்லபடி முடிந்தது, விட்டுவிடுங்கள் என்றார்கள் கோயில் சபையார். என் கணவர் மன்னிப்புக் கேட்டபோது கோயில் நிறையச் சனம். பெட்டியைத் திறந்தபோது நின்றதோ ஐந்து பேர். மற்றவர்களிடம் போய்ச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

அடுத்த வருடம் குழி வெட்டக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. இன்றுவரை போகவில்லை. பூசைக்கு வந்தால் வாசலோடு நின்றுவிடுவார். நான் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன், என் கணவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "சரி விடும்" என்றார். ஆனால் என் கோபம் ஆறவில்லை. அந்தக் கொந்தராத்துக்காரர்மேலும் ஆறவில்லை, என்மேலும் ஆறவில்லை.

வாசித்தவர்கள் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது ஒன்றும் கூட்டவேண்டாம், குறைக்கவேண்டாம். அவர் பெருந்தன்மையாய் மன்னித்தார் என்று முடிக்காதீர்கள், அவர் அப்படிச் சொல்லவில்லை. பெண்சாதி பாவம் என்று என் பங்கை விட்டுவிடவும் வேண்டாம். கேபிள் அறுபடவில்லை. அவர் வெட்டவில்லை. இந்த இரண்டையும் இருக்கிறபடியே சொல்லுங்கள்.