வெள்ளைப் பாசிப் படுக்கை

ஜப்பான்காரர்கள் என் கணவரை லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனபோது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. ரயில் பாதை போடும் வேலை, சீக்கிரமே திரும்பிவிடலாம் என்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சொன்னார். பக்கத்து வீட்டு அக்காவின் கணவரும் அதே லாரியில் போனார். சுவா என்ற ஊருக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அதன்பிறகு பெண்களும் பிள்ளைகளும்தான்.

ஜப்பான்காரன் காலத்தில் அரிசியாவது எப்போதாவது கிடைத்தது. துணி கிடைக்கவே இல்லை. என்னிடம் இருந்தது ஒரே சேலை. வீட்டுக்குள் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டிருப்பேன். பிரசவம் நெருங்க நெருங்க, வலியைவிட உதிரப்போக்குக்குத் துணி இல்லையே என்பதுதான் பயமாக இருந்தது. அக்காவிடம் சொன்னேன்.

"காட்டுல இருக்கு. நான் பாத்துக்கிறேன், நீ படு" என்றார்.

ரப்பர் மரங்கள் முடியும் இடத்தில் பெருங்காடு தொடங்கும். அங்கே மரங்களின் அடியிலும் மட்கிய கட்டைகளிலும் ஒரு பாசி, குட்டித் தலையணைகளைப் போல உப்பிக் கிடக்கும். வேர் கிடையாது, கை வைத்தால் உருண்டையாகப் பெயர்ந்து வரும். ஈரத்தில் வெளிர்பச்சை, காய்ந்தால் வெள்ளை. அக்கா அதைக் கூடை கூடையாக அள்ளிவந்து, மண்ணை உதறி, வெந்நீரில் முக்கி வெயிலில் உலர்த்தினார். உலர்ந்த உருண்டை ஒன்றைக் கிண்ணத்துத் தண்ணீரில் வைத்தார். தண்ணீர் காணாமல் போயிற்று.

அந்தப் பாசியின் பேரினத்துக்கு லூக்கோபிரையம் என்று பெயராம். பிற்காலத்தில் பிறந்த என் மகள் படித்துச் சொன்னாள். அதன் இலைகளில் உயிரற்ற வெற்று அறைகள் உண்டு, அவைதான் நீரைப் பிடித்து வைக்கும், காற்று புகுந்தால் வெளுத்துவிடும் என்றாள். எங்களுக்கு அது வெறும் வெள்ளைப் பாசி.

பெண் குழந்தை பிறந்தது. எனக்கு வைத்ததுபோக மிஞ்சிய பாசியைச் சாக்கில் பரப்பி அவளைப் படுக்கவைத்தோம். நனைந்ததை எடுத்துவிட்டுப் புதிதாக வைப்போம். மரவள்ளிக்கிழங்கையே தின்ற உடம்பில் பால் ஊறவில்லை. காய்ச்சல் வந்தது, மருந்து இல்லை. அவள் போனபோது சேலையில் பாதியைக் கிழித்துச் சுற்றினேன். அக்கா தடுக்கவில்லை. காட்டோரத்தில் அவரே குழி தோண்டினார்.

சண்டை முடிந்து என் கணவர் வந்தார், காலெல்லாம் புண்ணோடு. அக்காவின் கணவர் அங்கேயே காலராவில் போய்விட்டார் என்பதை இவர்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அக்கா கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் இவர் என்னிடம் கேட்டார். "என்ன புள்ள பொறந்துச்சு?"

"பொம்பளப் புள்ள."

சில நாள் கழித்து அவளைப் புதைத்த இடத்துக்கு அழைத்துப்போனேன். புதர் மண்டியிருந்தது, இடம் எனக்கே தெரியவில்லை. பின்னாலேயே வந்திருந்த அக்கா ஒரு மரத்தடியைக் காட்டினார். இவர் அங்கே குந்தினார்.

"யாரு சாடை?"

நான் புதரை விலக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒங்க நெத்திதான் தம்பி" என்றார் அக்கா. "காது மட்டும் இவளோடது."

இவர் தன் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.