அடிபிடித்த குண்டா

மருமகள் போனில் ஒரு சமையல் பக்கம் படிக்கிறாள். அதை எழுதுகிற பெண், அரிசிம்பருப்பு சாதம் செய்யும் விதத்தோடு, முதல் தடவை அடிபிடித்த தன் பாத்திரத்தையும் படம் எடுத்துப் போட்டிருக்கிறாள்.

"கருகுனதைப் போயி ஏன் கண்ணு பாக்கற?"

"இவங்களுக்கே கருகியிருக்குதுங்கத்தை. அப்ப நானும் செய்யலாமுங்க."

எனக்கு மதுக்கரை ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா பிரசவத்துக்குச் சென்னிமலை போய்விட்டாள். சிமெண்ட் ஆலையில் வேலை செய்த அப்பா, "உனக்குச் சோறாக்க வரலீன்னா பெரியப்பன் ஊட்ல உட்டுப்போடுவேன்" என்றார். அங்கே போனால் மாடு மேய்க்க வேண்டும், பள்ளிக்கூடம் கிடையாது.

அரிசிம்பருப்பு சாதத்துக்குத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் எல்லோரும் "கண்ணளவுதான்" என்றார்கள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாய்க் கல்யாணமாகி வந்திருந்த சரோஜாக்கா மட்டும் கருகிய குண்டாவைத் தூக்கிக் காட்டியது.

"ரெண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் பருப்புக்கு அஞ்சு டம்ளர் தண்ணிதான் ஊத்துனேன் அம்மணி. பாரு. நீ ஏழு ஊத்து."

"மாமா திட்டலீங்களாக்கா?"

"திட்டுனாரு. தின்னுபோட்டுத்தான் திட்டுனாரு."

சிரித்துக்கொண்டே வந்து ஏழு ஊற்றினேன். சோறு கொஞ்சம் குழைந்தது. அப்பா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "நாளைக்கு நேரமே எந்திரி. ஆக்கி வெச்சுப்போட்டுப் பள்ளிக்கூடம் போ" என்றார்.

எட்டாவது வரை படித்தேன். சரோஜாக்காவுக்கு நன்றி சொல்ல அப்போது தோன்றவில்லை.

மருமகள் போனை நீட்டினாள். அந்தப் பெண் எழுதியிருந்ததை நானே படித்தேன்.