குழாய் வந்த தோட்டத்திலிருந்து அக்காவை அழைத்துவரப் போனேன்

கேமரன் மலைக்கு எல்லோரும் குளிருக்கும் ஸ்ட்ராபெரிக்கும் போவார்கள். எண்பதுகளின் நடுவில், ஒரு டிசம்பர் பள்ளி விடுமுறையில் நான் போனது என் அக்காவைக் கையோடு அழைத்துவர. அப்பா அம்மா போனபின் எனக்கு அவள், அவளுக்கு நான், அவ்வளவுதான். கணவரை இழந்த அக்கா அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தாள். நான் கோலாலம்பூரில் கட்டட வரைபடம் வரைபவள். அவள் மகள் செல்வியை வயிற்றுப்போக்கோடு இரண்டாம் முறை தானா ராத்தா மருத்துவமனையில் சேர்த்தபோது, “அடுத்த வருஷமும் இந்த ஓடைத் தண்ணிதான்னா ஒன் வீட்டுக்கே வந்துடறேன்” என்று சொன்னாள். நான் செந்தூலில் இருந்த என் வீட்டில் ஓர் அறையை ஒழித்து, கட்டிலும் வாங்கிப் போட்டுவிட்டேன்.

இடையில் ஒரு கூத்து நடந்தது. வார இறுதிகளில் நான் ஒரு சங்கத்துக்கு உதவிவந்தேன். மருத்துவர்களும் நகரத் திட்டமிடுபவர்களும் சேர்ந்து நடத்திய சின்னச் சங்கம். வீடு எங்கே, கழிப்பறை எங்கே, சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைச் சரியாக முடிவு செய்தால் பாதி நோய் ஆஸ்பத்திரி வாசலுக்கே வராது என்பது அவர்கள் கட்சி. நகரத்தில் வீடு கட்ட இருக்கும் விதிகள் தோட்டத்துக்கும் வேண்டும் என்று அரசாங்க அலுவலகங்களுக்கு நடையாய் நடந்தார்கள். மாதிரிக்கு ஒரு தோட்டம் தேவைப்பட்டபோது அக்காவின் தோட்டத்தைச் சொன்னவள் நானே. ஓடைக்கு மேலே இருந்த கழிப்பறைகளைக் கீழே இறக்கி, ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள் இருந்த நீண்ட லயத்தை இரட்டை வீடுகளாகப் பிரித்து, வீட்டுக்கொரு குழாய் வைத்து வரைந்ததும் நான்தான். கட்டி முடிக்க எப்படியும் வருடக்கணக்கில் இழுக்கும், அதற்குள் அக்கா என்னிடம் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். தோட்டத்தின் நிர்வாகியான துரைக்கு என்ன அவசரமோ, மடமடவென்று கட்டிவிட்டார்.

கோலாலம்பூர் புடுராயா நிலையத்தில் காலைப் பேருந்து ஏறி, தாப்பாவில் இறங்கி மலைப் பேருந்துக்கு மாறினேன். அங்கிருந்து தானா ராத்தா ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. முன் இருக்கையில் உட்காருங்கள். தாப்பாவில் மூக்குப் பிடிக்க நாசி லெமாக் தின்றுவிட்டு ரிங்லெட் வரை நான் பட்ட பாட்டை இங்கே எழுதப்போவதில்லை.

தானா ராத்தாவில் தோட்டத்துப் பக்கம் போகும் பேருந்து போய்விட்டிருந்தது. கோலா தெர்லாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காய்கறி லோரி ஒன்றில் இடம் கிடைத்தது.

“எங்கம்மா போறீங்க?” என்றார் ஓட்டுநர்.

தோட்டத்தின் பேரைச் சொல்லி, “எங்க அக்காவ அழைச்சிட்டுப் போக வந்தேண்ணே” என்றேன்.

“அங்கதான் வீட்டுக்கு வீடு பைப்பு வந்திருச்சே. போன வருஷம் வந்திருக்கணும் லா நீங்க.”

சுருக்கென்றது. பிரிஞ்சாங் தாண்டித் தோட்டத்து வாசலில் இறங்கி அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. தண்ணீர் வந்ததிலிருந்து வெள்ளிதோறும் குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைப்பது அங்கே பழக்கமாகியிருந்தது. மாவிலை கிடைக்காத மலை. அதனால் குழாயின் கழுத்தில் தேயிலைக் கொழுந்தைக் கட்டியிருந்தார்கள். அக்கா குழாயைத் திறந்து என் கையைப் பிடித்து அடியில் நீட்டினாள். ஐஸ் மாதிரி இருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“பெட்டியெல்லாம் கட்டலையாக்கா?”

“மூணு மாசமா செல்வி ஆஸ்பத்திரிப் பக்கமே போகலடி. இனிமே நான் டவுனுக்கு எதுக்கு வரணும்?”

“நான் இருக்கேன்ல, அதுக்கு.”

அக்கா குழாயை மூடினாள். “வேலய விட்டா வீடும் போயிடும், ஒனக்குத் தெரியாததா? நீ வரைஞ்ச வீடு. இத விட்டுட்டு எப்படிடி வருவேன்?”

தோட்டத்தில் அப்படித்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்கிறவருக்குத்தான் வீடு. ஒரு மாதம் வந்து இருந்துபார் என்று கேட்கவும் வழியில்லை. மறுநாள் பெரட்டு மணி அடித்ததும் அக்கா கூடையோடு கிளம்பினாள். சரிவில் அவள் தலைத்துண்டு தெரிகிற வரைக்கும் வாசலில் நின்று அழுதேன். அவளோடு ஒரே வீட்டில் எழுந்து, ஒரே அடுப்பில் காப்பி போட்டுக் குடிக்க வேண்டும் என்கிற ஆசை எனக்கு இன்றுவரை தீரவில்லை.

போகிறவர்களுக்கு: இப்போது சிம்பாங் பூலாய் வழியாகவும் சாலை இருக்கிறது, அதில் தலைசுற்றல் குறைவு. பிரிஞ்சாங் இரவுச் சந்தைக் கூட்டம் பிடிக்காதென்றால் வார நாளில் போங்கள். குளிராடை கட்டாயம். தோட்டத்து வீடுகளைப் படமெடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள், உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

அதன்பிறகும் சங்கத்துக்காகப் பல தோட்டங்களுக்கு வரைந்தேன். சமையலறையில் குழாயைக் குறிக்கும் இடம் வந்தால், இந்த வீட்டுக்காரிக்காக எந்த ஊரில் எந்தத் தங்கை காத்திருக்கிறாளோ என்று கை கொஞ்சம் நிற்கும். நின்றுவிட்டு, குறித்துவிடும்.